பிரஸ் பக்கத்தில் நின்று அளக்கிறார்களா? தெலுக் இந்தான் வட்டாரத்தில் ஒரு பயிற்சித் தேவை ஆய்வுச் சேவை

தெலுக் இந்தான், லங்காப், ஊத்தான் மெலிந்தாங் பக்கத்துச் செம்பனை ஆலைகளுக்கும், அவற்றை நம்பி நடக்கும் பட்டறைகளுக்கும் பயிற்சி விற்க வருபவர்கள் இப்போது நிறையப் பேர். பெரும்பாலோர் கையில் ஒரே பட்டியல்தான்: தலைமைத்துவம், குழு உணர்வு, எக்செல், 5எஸ் எனும் பணியிட ஒழுங்கு முறை. யாருக்கு எது தெரியவில்லை என்று கேட்பதற்கு முன்பே எந்த மண்டபத்தில் எத்தனை நாள் என்ற பேச்சு வந்துவிடும்.

இங்கே மதிப்பிடும் சேவை அந்த வகை இல்லை. ஈப்போவிலிருந்து வரும் ஒரு சிறு நிறுவனம், முதலில் தொழிலாளர்களை ஆளாளாக அளக்கிறது. பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக 90 நாள் பயிற்சித் திட்டம் போட்டுத் தருகிறது. ஓர் ஆலையின் பராமரிப்புப் பிரிவிலும், பழம் இறக்கித் தரம் பார்க்கும் ரேம்பிலும் அது செய்த வேலையை வைத்து எழுதியது இது. குறைகளையும் சொல்வதால் நிறுவனத்தின் பெயரும் ஆலையின் பெயரும் வேண்டாம்.

எங்கள் முடிவு இதுதான்: அளக்கும் பகுதி கொடுத்த காசுக்குத் தகும். அளந்த பின் கையில் தரும் பயிற்சிப் பட்டியலில் பாதிக்கு மேல் ஆலையே திருத்திக்கொள்ள வேண்டும்.

வேலைப் பட்டியல்

முதல் வருகை அரை நாள். பொறியாளர், மண்டோர் (மேற்பார்வையாளர்), மூத்த பிட்டர்கள் (இயந்திரம் பழுதுபார்ப்பவர்கள்) இரண்டு பேர் கூட உட்கார வேண்டும். இவர்கள் பதவிப் பெயர்களைக் கேட்பதில்லை. என்னென்ன வேலை என்று கேட்கிறார்கள். இது சரியான தொடக்கம். "பிட்டர்" என்று ஒரு வரி எழுதினால் அதில் அளக்க ஒன்றும் இல்லை. "எண்ணெய் பிழியும் ஸ்குரூ பிரஸ்ஸில் தேய்ந்த திருகைக் கழற்றி மாற்றுவது", "கன்வேயர் சங்கிலியின் தொய்வைச் சரிசெய்வது", "குலையை ஆவியில் வேக வைக்கும் ஸ்டெரிலைசரின் கதவில் ரப்பர் வளையத்தை மாற்றுவது", "பேரிங் ஏற்றுவது" என்று எழுதினால்தான் ஒருவர் பக்கத்தில் நின்று பார்த்து ஆம், இல்லை என்று குறிக்க முடியும்.

பட்டியலுக்கு அடிப்படையாக இவர்கள் எடுத்துக்கொள்வது நோஸ் எனப்படும் தேசியத் தொழில் திறன் தரநிலை. மனிதவள அமைச்சின் கீழுள்ள ஜே.பி.கே. எனும் திறன் மேம்பாட்டுத் துறை வெளியிடுவது. 2006ஆம் ஆண்டின் தேசியத் திறன் மேம்பாட்டுச் சட்டம்தான் அதன் வேர். ஒவ்வொரு தொழிலும் அதில் திறன் அலகுகளாகவும், அலகு செயல்களாகவும் பிரிக்கப்பட்டு, ஒவ்வொரு செயலுக்கும் "செய்தது சரி என்று எதை வைத்துச் சொல்வது" என்ற அளவுகோல் இருக்கும். வெறுங்கையோடு உட்கார்ந்து யோசிப்பதைவிட இது எவ்வளவோ மேல். ஆனால் நாட்டுக்கெல்லாம் பொதுவாக எழுதிய ஆவணம் அது. உங்கள் ஆலையின் பிரஸ் எந்த மாடல், கொதிகலன் எவ்வளவு பழசு என்பதெல்லாம் அதற்குத் தெரியாது. மூத்த பிட்டர்களைக் கூட்டத்தில் உட்கார வைப்பது அதற்காகத்தான். மேலாளர் மட்டும் உட்கார்ந்து போட்ட பட்டியலில் எப்போதும் விட்டுப்போவது, நாள்தோறும் ஆலையை ஓட வைக்கும் சின்னச் சின்ன வேலைகள்.

சுயமதிப்பீட்டுப் படிவம்: தவிர்க்கலாம்

அடுத்து ஒரு படிவம் வருகிறது. ஒவ்வொரு வேலைக்கும் நேராக 0 முதல் 4 வரை தன் திறமைக்குத் தானே மதிப்பெண் போட வேண்டும். ஆங்கிலமும் மலாயும் கலந்த படிவம்.

இந்தப் பகுதியில் எங்களுக்கு நம்பிக்கை இல்லை. முப்பது வருடம் பிரஸ்ஸோடு வாழ்ந்த ஒருவர், படிவத்தின் மொழி புரியாத தயக்கத்திலும், தன்னைத் தானே உயர்த்திச் சொல்லக் கூடாது என்ற அடக்கத்திலும் 2 போடுவார். பயிற்சிக் கல்லூரியிலிருந்து வந்து ஆறு மாதம் ஆன பையன் 4 போடுவான். அவன் பொய் சொல்லவில்லை. வேலை எவ்வளவு ஆழமானது என்று தெரிந்தால்தானே தனக்கு எவ்வளவு தெரியாது என்பதும் தெரியும்? இந்த எண்களை அப்படியே கூட்டிச் சராசரி போட்டால், சொல்லித் தர வேண்டியவரை வகுப்பில் உட்கார வைத்து, கற்க வேண்டியவனை வெளியே விட்டுவிடும்.

படிவத்தால் ஒரே ஒரு பயன் உண்டு. அவர் போட்ட எண்ணும், பின்னால் நேரில் பார்த்துப் போட்ட எண்ணும் எங்கே அதிகம் விலகுகின்றன என்று பார்க்கலாம். அதற்காக மட்டுமே வேண்டுமென்றால் வைத்துக்கொள்ளுங்கள். தமிழில் வாய்மொழியாகக் கேட்டு நிரப்பச் சொல்லுங்கள், கேட்டால் செய்கிறார்கள்.

நேரில் பார்ப்பது: காசு இங்கேதான் நியாயமாகிறது

மதிப்பீட்டாளர் இரண்டு பேர் வருகிறார்கள். ஒருவர் ஆலை அனுபவம் உள்ளவர், மற்றவர் குறிப்பெடுப்பவர். அளவுகோலின் ஒவ்வொரு படிக்கும் தெளிவான பொருள் கொடுத்திருக்கிறார்கள். 0 என்றால் செய்ததே இல்லை. 1, பக்கத்தில் ஆள் நின்றால் செய்வார். 2, தனியாகச் செய்வார், ஆனால் ஒரு படி விட்டுப்போகும் அல்லது நேரம் இழுக்கும். 3, தனியாக, முழுசாக, சரியாக. 4, மற்றவருக்குச் சொல்லித் தர முடியும். "நன்று", "மிக நன்று" என்ற சொற்கள் இல்லாததே பெரிய நிம்மதி. இரண்டு பேர் தனித்தனியாகப் பார்த்தாலும் ஒரே எண் வருவதற்கு வழி இருக்கிறது.

பேரிங் ஏற்றும் வேலைக்கு இவர்கள் வைத்திருக்கும் தாளைப் பார்த்தால் சேவையின் தரம் புரியும். தண்டின் விட்டத்தை ஓர் இடத்தில் மட்டுமா, பல இடங்களிலா அளந்தார்? புதுப் பேரிங்கின் உறையை ஏற்றும் நேரம் வரை பிரிக்காமல் வைத்திருந்தாரா? சூடேற்றும்போது வெப்பம் 120 பாகை செல்சியஸைத் தாண்டாமல் பார்த்தாரா, அல்லது கேஸ் தீயை நேரே காட்டினாரா? தட்டி ஏற்ற வேண்டி வந்தால் தண்டில் இறுக்கமாக உட்காரும் உள்வளையத்தில் தட்டினாரா, வெளிவளையத்திலா? பேரிங் கூட்டை கிரீஸால் முழுக்க அடைத்தாரா, மூன்றில் ஒரு பங்கிலிருந்து பாதிக்குள் நிறுத்தினாரா?

ஒவ்வொரு கேள்விக்கும் பின்னால் ஒரு பழுது இருக்கிறது. வெளிவளையத்தில் விழும் அடி உருளைகள் வழியாக இறங்கி ஓடுபாதையில் பள்ளம் போடும். அன்றைக்குச் சத்தமே வராது. சில வாரம் கழித்து முனகும். பிறகு ஒரு நாள், பழம் குவிந்து கிடக்கும் நேரம் பார்த்து நின்றுவிடும். தீயைக் காட்டினால் எஃகின் கடினத்தன்மை கெட்டுப்போகும். வேகமாகச் சுற்றும் இடத்தில் கிரீஸை அடைத்து வைத்தால், வெளியேற வழியில்லாமல் கலங்கிக் கலங்கியே சூடாகும். எந்தப் படியில் ஒருவர் தவறுகிறார் என்று தெரிந்துவிட்டால், அவருக்கு இரண்டு நாள் பேரிங் வகுப்பு தேவையில்லை. அந்த ஒரு படியை அரை மணி நேரம் காட்டிக் கொடுத்தால் போதும். தனிப்பட்ட பயிற்சி என்று இவர்கள் சொல்வதற்கு உண்மையான அர்த்தம் இங்கேதான் இருக்கிறது.

கண்ணால் பார்ப்பதோடு நிறுத்தாமல் கேள்வியும் கேட்கிறார்கள். பிரஸ்ஸின் வாயை இறுக்கும் கூம்பைப் பற்றி, அது ஓடும்போது நடந்த பேச்சு இப்படி:

"அண்ணே, கூம்பின் அழுத்தத்தை எதைப் பார்த்துக் கூட்டுவீங்க, குறைப்பீங்க?"

"வெளிய வர்ற நாரைக் கையில எடுத்துப் பிழிஞ்சு பார்ப்பேன் தம்பி. எண்ணெய் இன்னும் நிக்குதுன்னா கொஞ்சம் கூட்டுவேன். கொட்டை ரொம்ப உடைஞ்சு வருதுன்னா குறைப்பேன். மோட்டார் ஆம்பியரையும் ஒரு கண்ணுல வச்சிருக்கணும்."

படிவத்தில் இவர் தனக்குப் போட்டுக்கொண்டது 2. மதிப்பீட்டாளர் போட்டது 4. நாரில் தங்கும் எண்ணெய், உடையும் கொட்டை என்று இரண்டு பக்கமும் நட்டம் இருப்பதையும், நடுவே எங்கே நிற்பது என்பதையும் நான்கே வாக்கியத்தில் சொன்னவரை வேறு எப்படி மதிப்பிடுவது?

ரேம்பில் வைத்த சோதனையும் நன்றாக இருந்தது. எம்.பி.ஓ.பி. எனும் மலேசியச் செம்பனை வாரியத்தின் தரப்பிரிப்புக் கையேட்டின்படி, பழுத்த குலை என்றால் பழம் புதிதாக உதிர்ந்த குழி குறைந்தது 10 இருக்க வேண்டும், பாதிக்கு மேல் பழம் குலையில் ஒட்டியிருக்க வேண்டும். குழி பத்துக்குக் குறைந்தால் அரைப்பழுப்பு. குழியே இல்லாமல் கறுத்துக் கிடந்தால் காய். காம்பு 5 சென்டிமீட்டருக்கு மேல் நீண்டால் அது தனிக் கணக்கு. மதிப்பீட்டாளர்கள் குலைகளை வரிசையாகப் பரப்பி, எண் கட்டி, தரம் பார்ப்பவரைச் சொல்லச் சொன்னார்கள். சற்று நேரம் கழித்து அதே குலைகளை இடம் மாற்றிப் போட்டு மறுபடி கேட்டார்கள். ஒரே ஆள் ஒரே குலைக்கு இரண்டு தடவை இரண்டு தரம் சொன்னால், அவர் நிறத்தைப் பார்த்துச் சொல்கிறார், குழியை எண்ணவில்லை என்று பொருள். பொழுது சாய்ந்து மஞ்சள் விளக்கு போட்ட பிறகு நிறம் ஏமாற்றும். குழியின் எண்ணிக்கை எந்த வெளிச்சத்திலும் மாறாது. இது ஒரு வகுப்பே தேவைப்படாத பயிற்சி: பத்து வரை எண்ணும் பழக்கமும், ரேம்பில் ஒரு வெள்ளை விளக்கும்.

எங்கே சறுக்குகிறார்கள்

அந்த வெள்ளை விளக்கு இவர்கள் அறிக்கையில் இல்லை. இதுதான் சேவையின் மிகப் பெரிய குறை. இடைவெளி கண்ட இடத்திலெல்லாம் பயிற்சியை எழுதுகிறார்கள். மோட்டாரையும் பம்பையும் நேர் பிடிப்பதில் மூன்று பேருக்கு 2 விழுந்தது. உடனே அதற்கு ஒரு வகுப்பு. அதை நுணுக்கமாக அளக்கும் டயல் கேஜ் பட்டறையில் இல்லை என்பதை யாரும் கேட்கவில்லை. இருக்கும் இரும்பு அளவுகோலை வைத்து, கண் மதிப்பில் அவர்கள் செய்தது உண்மையில் நல்ல வேலை.

பயிற்சித் துறையில் பழைய கேள்வி ஒன்று உண்டு: உயிர் போகும் கட்டாயம் வந்தால் இவரால் இதைச் செய்ய முடியுமா? முடியும் என்றால் குறை திறமையில் இல்லை. கருவி இல்லை, நேரம் தரவில்லை, உதிரிப்பாகம் வரவில்லை, மேலிருப்பவர் "சீக்கிரம் ஓட்டு" என்று விரட்டுகிறார், இவற்றில் ஏதோ ஒன்று. அங்கே வகுப்பு நடத்தினால் பணம் போவது மட்டுமில்லாமல், தெரிந்ததையே திரும்பக் கேட்க வைத்துவிட்டார்களே என்று ஆள் மனசும் கசக்கும். அறிக்கை வாங்கும்போது ஒவ்வொரு இடைவெளிக்கும் எதிரே "காரணம்" என்று ஒரு பத்தி கேட்டு வாங்குங்கள்: அறிவா, பழக்கமா, கருவியா, வேலை ஏற்பாடா. இதைக் கேட்ட பிறகு இந்த நிறுவனம் போட்டுத் தந்தது. கேட்காமல் தரவில்லை.

இன்னொரு குழப்பம், சட்டம் கேட்கும் தகுதியையும் திறமையையும் ஒரே பட்டியலில் கலந்திருப்பது. கொதிகலன் இயக்குபவருக்கு ஜே.கே.கே.பி. எனும் தொழிலியல் பாதுகாப்பு சுகாதாரத் துறையின் சான்று, மின்சாரப் பொறுப்பாளரான சார்ஜ்மேனுக்கு எரிசக்தி ஆணையத்தின் சான்று என்பவை இருக்கிறதா இல்லையா என்று மட்டுமே பார்க்க வேண்டியவை. அவற்றுக்கு 0 முதல் 4 வரை மதிப்பெண் போடுவதில் பொருளில்லை. 2024 ஜூன் 1 முதல் 5 பேர் அல்லது அதற்கு மேல் வேலை செய்யும் இடத்தில், தொழிலாளரில் ஒருவரைப் பாதுகாப்பு ஒருங்கிணைப்பாளராக நியமிக்க வேண்டும் என்பதும் இதே வகை. சிறு பட்டறைக்காரர்கள் பலர் இதைக் கவனிப்பதில்லை. சட்டத் தகுதிகளுக்குக் காலாவதி தேதியோடு தனித் தாள் போடச் சொல்லுங்கள்.

பயமும் ஒரு காரணம், எண்கள் பொய்யாவதற்கு. யாரோ வெளியாள் வந்து பெயர் எழுதுகிறார், பக்கத்தில் நின்று பார்க்கிறார் என்றால் தோட்டத்து ஆட்களுக்கு முதலில் தோன்றுவது ஆட்குறைப்பு. அப்படி நினைத்தவர் வழக்கமாகச் செய்யாத படியையெல்லாம் அன்றைக்குச் செய்து காட்டுவார், அல்லது கை நடுங்கித் தெரிந்ததையும் தவறவிடுவார். முதல் வருகைக்கு முன்பே, வேலைக்கு ஆள் கூடும் காலைப் பெரட்டில் மேலாளரே நின்று, இந்த எண்கள் சம்பளத்துக்கும் வேலைநீக்கத்துக்கும் போகாது என்று தமிழிலும் மலாயிலும் சொல்ல வேண்டும். சொன்னபடி நடக்கவும் வேண்டும். நிறுவனம் இதை ஒரு வரிக் குறிப்பாக அனுப்பி, அலுவலகப் பலகையில் ஒட்டச் சொன்னது. அது போதாது.

90 நாள் திட்டம்

தனிநபர் திட்டத்தாள் ஒரு பக்கம்தான். பெயர், மூன்று இடைவெளிகள், ஒவ்வொன்றுக்கும் வழி, சொல்லித் தருபவர், தேதி. மூன்றுக்கு மேல் எடுப்பதில்லை என்ற கட்டுப்பாடு நல்லது. எதை முதலில் எடுப்பது என்பதற்கு இரண்டு கேள்விகள்: தவறினால் ஆளுக்கு ஆபத்தா? ஆலை நிற்குமா? இந்த இரண்டோடு மூன்றாவதாக ஒன்றை ஆலைகள் தாங்களே சேர்த்துக்கொள்ள வேண்டும்: இந்த வேலையில் 3 அல்லது 4 வாங்கியவர்கள் எத்தனை பேர்? ஒருவர்தான் என்றால், அவருக்கு 60 வயது எட்ட எத்தனை மாதம்? 2013 முதல் தனியார் துறையிலும் குறைந்தபட்ச ஓய்வு வயது 60. அவர் போகும் நாளில் அந்த வேலையும் அவரோடு வாசலைத் தாண்டிவிடும். முக்கியமான ஒவ்வொரு வேலைக்கும் குறைந்தது இரண்டு பேர் 3இல் இருக்க வேண்டும் என்று வைத்துக்கொண்டால், முதலில் யாருக்கு எதைச் சொல்லித் தருவது என்பது தானாகவே வரிசைப்படும்.

வழிகளில் பாதி, நிறுவனம் தானே நடத்தும் வகுப்புகள். அதை எதிர்பார்க்க வேண்டியதுதான். மீதிப் பாதி, மூத்தவரோடு சேர்த்து விடுவது. இந்தப் பாதிதான் பயன் தரும், ஆனால் அதைச் சரியாக விவரிக்கவில்லை. "அவரோடு நில், பார்த்துக் கற்றுக்கொள்" என்பது முறையாகாது. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கத் தொழிற்சாலைகளில் புதியவர்களை விரைவாகப் பழக்க உருவாக்கிய நான்கு படி முறை இன்றும் செல்லும். முதலில் ஆளைத் தயார்படுத்து: எவ்வளவு தெரியும் என்று கேள். இரண்டாவது, செய்து காட்டு: ஒரு தடவை சும்மா, ஒரு தடவை முக்கியப் புள்ளிகளைச் சொல்லி, ஒரு தடவை ஏன் என்று சொல்லி. மூன்றாவது, அவரைச் செய்ய வை, செய்துகொண்டே காரணத்தையும் அவர் வாயால் சொல்ல வை. நான்காவது, தனியாக விடு, ஆனால் முதலில் அடிக்கடியும் பிறகு இடைவெளி விட்டும் வந்து பார்.

நம் மூத்த பிட்டர்களிடம் கை இருக்கிறது, காது இருக்கிறது. காரணத்தை வார்த்தையாகச் சொல்லிப் பழக்கமில்லை. அதனால் இந்த நான்கு படியை முதலில் கற்க வேண்டியவர்கள் அவர்களே. நிறுவனத்திடம் இதற்கு ஒரு நாள் வகுப்பு இருக்கிறது. பட்டியலில் உள்ள எல்லா வகுப்பையும் வெட்டினாலும் இதை வெட்டாதீர்கள். சொல்லித் தரும் நேரத்தையும் வேலை நேரமாகவே கணக்கு வையுங்கள். வாரம் இரண்டு மணி நேரம் ஒதுக்கி, அந்த நேரத்துக்கு வேறு வேலை கொடுக்காமல் இருந்தால்தான் நடக்கும்.

சான்றிதழே இல்லாமல் 4 வாங்கியவர்களுக்கு இன்னொரு வழி உண்டு. ஜே.பி.கே.யின் பி.பி.டி., அதாவது முன் அனுபவத்தை அங்கீகரிக்கும் முறை. வகுப்பில் உட்கார வேண்டாம். செய்த வேலைகளின் படம், வேலைத்தாள், முதலாளியின் உறுதிக் கடிதம் ஆகியவற்றைத் தொகுத்து நோஸ் அலகுகளுக்கு நேராக வைத்தால், மதிப்பீட்டாளர் சரிபார்ப்பார், எஸ்.கே.எம். எனும் மலேசியத் திறன் சான்றிதழுக்குப் போகலாம். இந்த ஆய்வின் பார்வைத் தாள்களே தொகுப்புக்கு நல்ல ஆதாரம். நிறுவனம் இதைச் சொல்லவே இல்லை. நகலைக் கேட்டு வாங்கி வையுங்கள்.

பணம்

மனிதவள மேம்பாட்டுக் கழகமான எச்.ஆர்.டி. கோர்ப்பில் பதிந்த முதலாளி, உள்நாட்டுத் தொழிலாளர் 10 பேர் அல்லது அதற்கு மேல் இருந்தால், அவர்களின் அடிப்படைச் சம்பளத்திலும் நிலையான படியிலும் மாதம் 1 விழுக்காடு லெவி, அதாவது பயிற்சிக்கான கட்டாயத் தொகை, கட்ட வேண்டும். 5 முதல் 9 பேர் உள்ள இடம் விரும்பினால் 0.5 விழுக்காட்டில் சேரலாம். 30 பேர், ஆளுக்கு 2,000 ரிங்கிட் என்றால் மாதம் 600, வருடம் 7,200 ரிங்கிட். இதைத் தொழிலாளர் சம்பளத்தில் பிடிக்கக் கூடாது. இந்தத் தொகைக்குள் எத்தனை திட்டத்தாளை நிறைவேற்ற முடியும் என்று முதலிலேயே கணக்குப் போடுங்கள்.

லெவிப் பணத்திலிருந்து பயிற்சிச் செலவை எடுக்க, மானிய விண்ணப்பம் பயிற்சி தொடங்குவதற்கு முன்பே போக வேண்டும். வகுப்பை நடத்திவிட்டுப் பிறகு கேட்டால் கிடைக்காது. பலருக்குப் பணம் போவது இங்கேதான். இன்னொன்று, சட்டத்தில் தொழிலாளர் என்றால் மலேசியக் குடிமகன். இந்தோனேசியா, வங்காளதேசம், நேப்பாளத்திலிருந்து வந்து குலை அறுப்பவர்களுக்கு லெவி கட்டுவதுமில்லை, லெவியிலிருந்து பயிற்சிச் செலவு எடுக்கவும் முடியாது. ஆனால் பழுக்காத குலை ரேம்புக்கு வருவது அறுக்கும் இடத்திலிருந்துதானே? அவர்களுக்கான செலவைத் தனியாக ஒதுக்காத திட்டம் ஆலையின் வாசலோடு நின்றுவிடும்.

ஒப்பந்தம் போடும் முன்

வகுப்பு முடிந்ததும் "பிடித்ததா" என்று கேட்கும் தாளை மட்டுமே இவர்கள் தருகிறார்கள். டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் வகுத்த நான்கு நிலைகளில் அது முதல் நிலைதான். கற்றாரா, வேலையில் செய்கிறாரா, ஆலைக்கு என்ன பயன் என்ற மற்ற மூன்றும் விட்டுப்போகின்றன. ஆகவே 90ஆம் நாள் மறு அளவீட்டை ஒப்பந்தத்திலேயே எழுதி, கடைசித் தவணைப் பணத்தை அதற்குப் பிறகு என்று வையுங்கள். அதே தாள், அதே வேலை. பார்க்கிறவர் மட்டும் முதல் தடவை வந்தவராக இல்லாமல் வேறு ஆளாக இருக்கட்டும். தேதியை ஆலை மூடிப் பழுதுபார்க்கும் வாரத்தில் வைக்க விடாதீர்கள். அந்த வாரம் எல்லோரிடமும் நேரம் இருக்கும், யாரும் எந்தப் படியையும் தாண்ட மாட்டார்கள். செப்டம்பர், அக்டோபரில் லாரிகள் வாசல் வரை வரிசை பிடித்து நிற்கும்போது, இரவு ஷிப்டில் ஒரு தடவையாவது வந்து பார்க்கச் சொல்லுங்கள்.